லாபம், ரெண்டு, மூணு

கால்கள் இல்லாமல் வந்திருந்தான்.
இடுப்போடு முடிந்துவிட்ட ரப்பர் உடம்பு.
ஜிப் வைத்த நீலப் பையில் போட்டு
மஞ்சக்குப்பம் வரை ஷேர் ஆட்டோவில்
மடியில் வைத்தே கொண்டுவந்தாராம் ஜெசிந்தா.
ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸில் விழித்த கண்கள்.
கொட்டாவியை அவர் மறைக்கவில்லை.

பெயர் வையுங்கள் என்றார்,
பெயர் இல்லாதவனை யாரும் உயிராக நினைப்பதில்லை.
கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "அரியர்!"
செத்தாலும் செமஸ்டர்தோறும் திரும்பி வருபவன்.
அதுவே நிலைத்தது.

தோளைத் தட்டு. கூப்பிடு.
மூச்சு இருக்கிறதா பார்,
பத்து விநாடி, அதற்கு மேல் வேண்டாம்.
விரலை நீட்டி ஒருவரைப் பிடி:
நீங்கதான், பச்சைச் சட்டை, நூற்றியெட்டுக்கு அடிங்க.
யாராவது அடிங்க என்று சொல்லாதே,
யாராவது என்று இந்த ஊரில் ஒருத்தரும் இல்லை.

மார்பின் நடுவே உள்ளங்கை அடிப்பகுதி.
முழங்கை மடங்கக் கூடாது.
ஐந்து சென்டிமீட்டர்.
ஸ்கேலில் பார்த்தால் ஒரு தீக்குச்சி நீளம்,
ஒருத்தனுக்குள்ளே என்றால் வெகுதூரம்.
சரியாகப் போய்ச் சேர்ந்தால்
உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

என் முறை.
லாபம், ரெண்டு, மூணு, நாலு...
பேட்மின்டன் கூடமே சிரித்தது.
என்ன செய்ய,
விடியுமுன் திருப்பாப்புலியூர் மண்டியில்
மல்லாட்டை மூட்டை எண்ணிவிட்டு
கல்லூரிக்கு ஓடிவருகிறவன் வாய்க்கு
ஒன்று என்ற எண்ணே கிடையாது.
ஜெசிந்தா சிரிக்கவில்லை.
எப்படி வேண்டுமானாலும் எண்ணு,
வேகம் குறையாதே.

பதினெட்டில் தோள் கடுத்தது.
இருபத்திரண்டில் என் வியர்வை
அரியரின் கழுத்துக் குழியில் சொட்டியது.
முப்பதில் அவன் தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி,
எனக்கு முன் பதினாறு பேர் ஊதிய வாயில்
ஸ்பிரிட் வாசனையோடு ஊதினேன்.
மார்பு எழுந்தது.
எழுந்ததைப் பார்த்து நான்தான் பயந்துபோனேன்.

அடுத்தவன் கோகுலவாசன்.
வாயைத் துடைக்க எல்லோரும் ஒரு பஞ்சு எடுத்தார்கள்.
எனக்குப் பிறகு வந்த அவன்
மூன்று எடுத்தான்.
எண்ணுவது என் வேலை.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் ஜெசிந்தா.
என்னிடம் ஒன்று இருந்தது.

போன வருஷம், மாசி மகத்துக்கு மறுநாள்,
தேவனாம்பட்டினத்தில்
ஒரு பையனை இழுத்து மணலில் போட்டார்கள்.
ஒருவர் குப்புறத் திருப்பி முதுகை அமுக்கினார்.
ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் பார்த்தார்.
கடல் நனைத்த முகத்தில்
சோடாவும் தெளித்தார்கள்.
சுற்றிலும் நாற்பது பேர்,
நாற்பதும் யாராவதுதான்.
நான் அவன் செருப்புகளைத் தேடி எடுத்து
அலை தொடாத இடமாகப் பார்த்து
ஜோடி சேர்த்து வைத்து
காவல் நின்றேன்.
இடது வாரில் புதுத் தையல், சிவப்பு நூல்.
வண்டி வர எத்தனை நிமிஷம் ஆனது,
அதை மட்டும் எண்ணவில்லை.

கேட்கவில்லை. சந்தேகம் இல்லை மேடம் என்றேன்
எல்லோரோடும் சேர்ந்து.

சாயங்காலம் சான்றிதழ்.
இரண்டு வருஷத்துக்குச் செல்லுமாம்.
அரியருக்கு இல்லாத கால் ஒன்று
என் பெயரில் ஏறியிருந்தது:
தனவேல், தானவேல் ஆகியிருந்தேன்.
திருத்தித் தருகிறோம் என்றார்கள், இருக்கட்டும் என்றேன்.

திங்கள் விடியல், மண்டி.
லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கின.
லாபம். ரெண்டு. மூணு.
முதுகுகள் குனிந்து வந்தன, நிமிர்ந்து போயின.
ஒவ்வொரு சட்டையிலும்
பொத்தான்களுக்கு நடுவே அந்த இடம் தெரிந்தது.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.
நின்றுவிட்டேன்.
வாய் தானாகத் திறந்தது,
இரண்டு முறை ஊதுவதற்கு.

முப்பத்தோராவது மூட்டையைச் சுமந்தபடி
பாவாடைராயன் அண்ணன் நிற்கிறார்,
கழுத்து நரம்பு புடைக்க.
"கணக்கு வுட்டுட்டியா தம்பி?"

விடலண்ணே.
சாக்குத் தூசியில் இரண்டு மூச்சு விட்டு
மறுபடி தொடங்கினேன்:
லாபம்.